அவியாத போத்தல்கள்

கடல் ஊருக்குள் வந்த செய்தி கேட்டு நான் ஊர் வந்து சேர்ந்தபோது உம்மாவை அடக்கிவிட்டிருந்தார்கள். பாதைகள் உடைந்துபோய், பஸ் அம்பாறையோடு நின்றுவிட, அதற்குப் பிறகு லொறியிலும் நடையிலுமாகக் கல்முனைக்கு வந்தேன். வாப்பா பள்ளிவாசல் மண்டபத்தில் யாரோ கொடுத்த சாரனை உடுத்துக்கொண்டு இருந்தார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து தலையில் கைவைத்தார். உம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அயலவர்கள் சொல்லித்தான் கொஞ்சம் அறிந்தேன். அலை வந்தபோது இருவரும் வீட்டில்தான் இருந்திருக்கிறார்கள். வாப்பாவை ஒரு தென்னையில் கண்டு இறக்கியிருக்கிறார்கள். உம்மாவை மறுநாள் வேறொரு தெருவில் கண்டெடுத்திருக்கிறார்கள்.

நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை. அதுவரைக்கும் கொழும்புக்குக் கிட்ட ஒரு கம்பனியில் வேலை செய்துகொண்டிருந்தேன். செடிகளைப் போத்தலுக்குள் வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புகிற இடம் அது. இழைய வளர்ப்பு என்பார்கள். ஊரில் யாராவது என்ன வேலை என்று கேட்டால் உம்மா, “மகள் போத்தலுக்குள்ள பூமரம் நடுறா” என்று சொல்லிச் சிரிப்பாவாம்.

சொல்வதற்கு அது பெரிய விசயமில்லை. செடியின் குருத்திலிருந்து நகத்தளவு துண்டை வெட்டி, சீனியும் உப்பு வகைகளும் கலந்த கூழில் நட்டுவைக்க வேண்டும். கூழை இறுக வைக்கிறது ஏகார். நோன்பு காலத்தில் நாங்கள் கடற்பாசி காய்ச்சி ஆறவைப்போமே, அதே சாமான்தான். கன்றுக்கு மண்ணும் அதுதான், சாப்பாடும் அதுதான். ஆனால் அந்தச் சாப்பாடு பூஞ்சணத்துக்கும் பிடிக்கும், பற்றீரியாவுக்கும் பிடிக்கும். ஒன்று மிஞ்சினாலும் கன்று கண் திறக்க முன்னர் அது போத்தலை நிறைத்துவிடும். அதனால் கூழை ஊற்றிய போத்தல்களை மூடி, அமுக்கத்தோடு ஆவியில் அவித்து எடுக்க வேண்டும். கொதிநீர் வெப்பம் போதாது, அதற்கும் மேலே போக வேண்டும். கம்பனியில் அதற்கு ஆளுயர ஓட்டோகிளேவ் இருந்தது. பொத்தானை அமத்திவிட்டு நாங்கள் தேத்தண்ணி குடிக்கப் போவோம்.

நான் திரும்பிப் போகவில்லை. வாப்பாவை விட்டுவிட்டுப் போக முடியவில்லை. கூடாரத்தில் கொஞ்சக் காலம், தகரக் கொட்டிலில் கொஞ்சக் காலம் இருந்த பிறகு, நற்பிட்டிமுனைப் பக்கம் வயலை மண்ணால் மூடிக் கட்டிய வீடுகளில் ஒன்று எங்களுக்குக் கிடைத்தது. கடற்கரையில் பழைய வளவுக்குத் திரும்ப அனுமதி இல்லை. வாப்பாவும் அதைக் கேட்கவில்லை.

நிவாரண நிறுவனம் ஒன்று வந்து, பெண்களுக்கு என்னென்ன தொழில் தெரியும் என்று கேட்டது. தையல், இடியப்பம், பாய் என்று மற்றவர்கள் சொன்னார்கள். நான் போத்தல் கதையைச் சொன்னேன். உப்புத் தண்ணீரில் எல்லோருடைய வாழையும் அழிந்திருந்தது. நல்ல கோழிக்கூட்டு வாழைக் கன்று எங்கேயும் கிடைக்கவில்லை. அதனால் அவர்கள் என் கதையைக் கவனமாகக் கேட்டார்கள். எங்கள் வீட்டில் ஓர் அறையைச் சீலை வைத்து அடைத்துத் தூசி வராமல் செய்தோம். வெட்டி நடுவதற்குக் கண்ணாடி போட்ட பெட்டி ஒன்று செய்தோம். ஓட்டோகிளேவுக்குப் பதிலாகக் கன்டீனில் பாவிக்கிற பெரிய பிரஷர் குக்கர் ஒன்று வந்தது. குசினியில் கேஸ் அடுப்பில் அதை ஏற்றினோம்.

என்னோடு வேலை செய்ய அவர்கள் அனுப்பியவர் பக்கத்துத் தமிழ் ஊரான பாண்டிருப்பிலிருந்து வந்த ஓர் அக்கா. கடல் வர முன்னர் பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவர். காலையில் சைக்கிளில் வந்து, போத்தல்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பார். அவருடைய தம்பி இயக்கத்தின் கையிலிருந்த வன்னியில் இருந்தார். எப்படிப் போனார், எதற்குப் போனார் என்று அவர் சொன்னதில்லை. எங்கள் இருவருக்கும் சொல்லாத விசயங்கள் இருந்தன. அதனால் நன்றாகத்தான் ஒத்துப்போனோம்.

முதல் தடவை அவித்த போத்தல்களில் வாழைக் குருத்துகளை நட்டு இறாக்கையில் அடுக்கினோம். ஒரு கிழமை போகவில்லை, துண்டுகளின் அடியில் பால் சிந்தின மாதிரி வெள்ளை படர்ந்தது. பிறகு நாற்றம். எல்லாவற்றையும் கொட்டினோம். தொடக்கத்தில் அப்படித்தான் போகும் என்று அக்காவுக்குச் சொன்னேன். இரண்டாவது தடவையும் அப்படியே போனது. மூன்றாவது தடவை பச்சைப் பூஞ்சணமும் சேர்ந்து வந்தது.

அக்கா தன் கைகளில்தான் பிழை என்று நினைத்தார். ஸ்பிரிட்டைத் தேய்த்துத் தேய்த்து விரல்கள் வெடித்துவிட்டன. பொட்டு வைப்பதையும் விட்டார், அதிலிருந்து ஏதும் விழுமாம். ஒருநாள் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இருந்தபடி, “தங்கச்சி, நான் நிண்டுகொள்றன். நீங்க வேற ஆள எடுங்க” என்றார்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. ஒன்று செய்து பார்ப்போம் என்றேன். அடுத்த முறை அவித்த போத்தல்களில் சிலவற்றைத் திறக்கவே இல்லை. உள்ளே ஒன்றும் நடவில்லை, கத்தியும் படவில்லை, கையும் படவில்லை. அப்படியே இறாக்கையின் ஒரு மூலையில் வைத்தோம். அவற்றிலும் வெள்ளை படர்ந்தது. அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையில் பிழையில்லை, அவித்ததில்தான் பிழை. அக்கா அந்தப் போத்தல்களைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றார். பிறகு முகத்தைச் சீலையால் துடைத்துக்கொண்டு கழுவப் போனார்.

அவித்ததில் என்ன பிழை என்று விளங்கவில்லை. குக்கரின் றப்பர் வளையத்தை மாற்றினேன். அடைப்பு இருக்கிறதா என்று ஆவி போகிற துளையைக் கம்பியால் குத்திப் பார்த்தேன். உள்ளிருக்கும் காற்றை முதலில் வெளியேறவிட்டு, அதற்குப் பிறகுதான் அந்தத் துளையின் மேல் குண்டு என்கிற பாரத்தைப் போட வேண்டும். அதையும் சரியாகவே செய்தேன். குண்டு ஆடி, ஆவி சீறத் தொடங்கி, அந்தச் சீறல் விடாமல் இருந்தால் உள்ளே வேண்டிய வெப்பம் இருக்கிறது என்று அர்த்தம். சீறல் தொடங்கியதும் நானும் அக்காவும் அடைத்த அறைக்குள் போய், மேசையையும் பெட்டியையும் துடைத்து ஆயத்தம் செய்வோம். கதவைச் சாத்தினால் அந்த அறைக்குள் வெளிச்சத்தம் ஒன்றும் கேட்காது. நேரம் முடிந்து வந்தால் குக்கர் சீறிக்கொண்டுதான் இருக்கும். பிழை எங்கே என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. நிறுவனத்து ஆட்கள் வந்து வெறும் இறாக்கையைப் பார்த்துவிட்டு, முகம் கோணாமல் பேசிவிட்டுப் போனார்கள். அது இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் அறைக்குள் ஸ்பிரிட் முடிந்துவிட்டது. அலுமாரியில் இருந்த போத்தலை எடுக்க நேரம் முடிய முன்னரே வெளியே வந்தேன். குசினி அமைதியாக இருந்தது. வாப்பா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தார். ஒரு கை கேஸ் திருகில் இருந்தது. சுடர் நீலப் பொட்டாகக் குறைந்திருந்தது. குண்டு அசையவில்லை.

“நீங்களா வாப்பா குறைச்ச?”

“ஓம்.”

“ஒவ்வொரு முறையுமா?”

அவர் தலையை ஆட்டினார். நாங்கள் அறைக்குள் போனதும் குறைப்பார், நாங்கள் வருகிற நேரம் பார்த்துத் திரும்பக் கூட்டிவைப்பார். அதுதான் நடந்திருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. அக்காவின் வெடித்த விரல்கள் நினைவுக்கு வந்தன. ஏன் என்று கேட்டேன். குரல் உயர்ந்திருக்க வேண்டும், நான் திறந்துவிட்டு வந்த அறைக்கதவில் அக்கா வந்து நின்றார்.

“அந்தச் சத்தம் எனக்கு ஏலாது புள்ள” என்றார் வாப்பா.

அவர் வாழ்நாளெல்லாம் அரிசி ஆலையில் கொதிகலன் பார்த்தவர். உமி அள்ளிப் போட்டு நெருப்பு மூட்டி, நெல் அவிக்க ஆவி விட்டவர். சின்ன வயதில் நான் சோறு கொண்டுபோனால், ஆவி சீறுகிற சத்தத்துக்குள் அவர் கதைப்பது எனக்கு விளங்காது, வாயைப் பார்த்துத்தான் விளங்கிக்கொள்வேன். அப்படிப்பட்டவருக்கு ஒரு குக்கர் சத்தம் ஏலாதாம். கடல் இரைந்து வந்தது நினைவுக்கு வருகிறதாக்கும் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் அந்த வருசங்களில் எத்தனையோ பேர் அப்படி இருந்தார்கள். மழை பெலத்துப் பெய்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினவர்கள் இருந்தார்கள். மேலே ஒன்றும் கேட்காமல் அடுப்பை அணைத்தேன்.

அக்காதான் வழி சொன்னார். குக்கரைத் தன் வீட்டுக்குக் கொண்டுபோவோம், பாண்டிருப்பில் அவித்து இங்கே கொண்டுவருவோம் என்றார். அப்படியே செய்தோம். முதல் முறையாகப் போத்தல்கள் தெளிவாக இருந்தன. குருத்து அடியில் பச்சை கட்டி, பக்கத்தில் முளைவிட்டது. அக்கா அந்தப் போத்தலைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆனால் அது நெடுநாள் ஓடவில்லை. சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. பாண்டிருப்புக்கும் எங்களுக்கும் நடுவில் சோதனைச் சாவடி போட்டார்கள். ஓட்டோவில் பெட்டி பெட்டியாகப் போத்தல் கொண்டுவருகிற இரண்டு பெண்களை யார் சும்மா விடுவார்கள்? முதல் நாள் ஒரு பொடியன் சிப்பாய் போத்தலை வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தான். பிறகு மூடியைத் திறந்தான். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், திறந்தால் பழுதாகிவிடும் என்றேன். அவனுக்கு அது இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. எல்லாவற்றையும் திறக்கச் சொன்னான். மோந்து பார்த்தான். ஒன்றுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தான். இனிப்பாக இருக்கவும் சிரித்துவிட்டான். வாழைக்கு என்று கையால் காட்டினேன். தலையாட்டிப் போகவிட்டான். கெட்டவனில்லை. ஆனால் அந்தத் தடவை அவித்தது முழுக்கக் குப்பைக்குப் போனது.

அதற்குப் பிறகும் கொண்டுவந்தோம். சில நாள் திறந்தார்கள், சில நாள் விட்டார்கள். அக்காவின் அடையாள அட்டையைத்தான் கூடுதலாகப் பார்ப்பார்கள். எங்கே பிறந்தது, வீட்டில் யார் யார், சகோதரம் எங்கே என்று கேட்பார்கள். அக்கா தம்பியைச் சொல்லமாட்டார். பிறகு ஊருக்கும் ஊருக்கும் இடையில் ஏதோ நடந்து, கடைகள் பூட்டி, பாதை அடைபட்டது. அக்காவை வர வேண்டாம் என்று நானே சொல்லியனுப்பினேன். குக்கர் அவர் வீட்டில் கிடந்தது. இங்கே போத்தலில் வளர்ந்த கன்றுகள் கூழ் முடிந்து மஞ்சளாகத் தொடங்கின. புதுக் கூழுக்கு மாற்றாவிட்டால் அவை சாகும்.

பாதை திறந்ததும் குக்கரைத் திரும்பக் கொண்டுவந்தேன். வாப்பாவிடம் நேரடியாகச் சொன்னேன். வேறு வழியில்லை, இங்கேதான் அவிக்க வேண்டும்.

“அவிக்கிற நாளைச் சொல்லு. நான் வெளியில போறன்” என்றார்.

அன்றிலிருந்து அப்படியே நடந்தது. நான் கூழ் காய்ச்சத் தொடங்கியதும் அவர் சேர்ட்டையும் தொப்பியையும் போட்டுக்கொண்டு பள்ளிவாசல் பக்கமோ தேத்தண்ணிக் கடைப் பக்கமோ போவார். திரும்பி வரும்போது வாசலில் நின்று முதலில் காது கொடுப்பார், பிறகுதான் உள்ளே வருவார். எனக்கு அது மனதை அரித்தது. சொந்த வீட்டிலிருந்து வாப்பாவைத் துரத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் கன்றுகள் தப்பின. வலைப்பந்தலுக்குக் கீழே மண்ணுக்கு மாற்றி, அண்டை வீடுகளுக்குக் கொடுத்தோம். பாதியை ஆடு தின்றது. கிறவல் மண் கொட்டி உயர்த்திய வளவுகளில் சில வேர்பிடிக்காமல் பட்டுப்போயின. மிச்சம் நின்றன.

சண்டை முடிந்ததாகச் செய்தி வந்த நாளிலும் நான் அவித்துக்கொண்டிருந்தேன். அக்கா வரவில்லை. அதற்கு முன்னரே கொஞ்ச நாளாக வரவில்லை. வன்னியிலிருந்து வருகிற செய்திகளைக் கேட்டுக்கொண்டு வீட்டோடு இருந்தார். நான் தனியே கூழ் காய்ச்சி, போத்தல் நிரப்பி, குக்கரை ஏற்றினேன். வாப்பா வழக்கம்போல வெளியே போயிருந்தார். குண்டு சீறத் தொடங்கி ஒரு சின்ன நேரம்தான் இருக்கும். பெரிய தெருப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது, தொடர்ந்து கேட்டது. பட்டாசு என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. காலையிலிருந்தே வானொலியில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள்.

வாப்பா வாசலால் ஓடிவந்தார். தொப்பி இல்லை, ஒரு காலில் செருப்பு இல்லை. குசினிக்குள் வந்து, சீறுகிற குக்கரைத் திரும்பியும் பார்க்காமல் என் கையைப் பிடித்தார்.

“வாப்பா, அடுப்பு…”

“கதைக்காம வா புள்ள.”

அவருக்கு அவ்வளவு பெலன் இருக்குமென்று நான் நினைத்திருக்கவில்லை. முந்தானையைத் தலையில் போடவும் விடாமல் இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் பொடியன்கள் சந்திப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தார்கள், சிலர் கையில் கொடி. ஓட்டோக்கள் ஹோனை அமத்திக்கொண்டு போயின. நாங்கள் அவர்களுக்கு எதிர்ப்பக்கமாக, மேற்கே, வயலுக்குள் ஓடினோம். ஒருவன் எங்களைப் பார்த்துச் சிரித்து ஏதோ சொன்னான். வாப்பா நிற்கவில்லை. வரம்பில் கால் இடறி விழுந்தேன். தூக்கிவிட்டுத் திரும்பவும் இழுத்தார். வாய்க்கால் கட்டுக்கு வந்த பிறகுதான் கையை விட்டார். என் மணிக்கட்டில் அவர் விரல் பதிந்து சிவந்திருந்தது.

“இது கடல் இல்ல வாப்பா. பட்டாசு. சண்ட முடிஞ்சிட்டாம்” என்றேன்.

“தெரியும்” என்றார். மூச்சு வாங்கியது. “இப்ப தெரியும்.”

கட்டின் மேல் குந்தினோம். ஊர்ப் பக்கம் வெடி இன்னும் கேட்டது. வீட்டுக்குப் போவோம், அடுப்பு எரிகிறது என்றேன். அவர் அசையவில்லை. வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு, இத்தனை வருசமும் சொல்லாததைச் சொன்னார்.

“அண்டைக்கும் சத்தம் வந்திச்சி. உம்மா குசினிக்குள்ள இருந்து கேட்டா, என்ன சத்தம் எண்டு. மில்லுல ஆவி விடுறானுகள் எண்டன்.”

நான் அவர் பக்கம் திரும்பினேன்.

“ஞாயித்துக்கிழம. போயா லீவு வேற. மில்லு பூட்டு. தொறப்பு என்ட இடுப்பில கிடக்கு. யார் ஆவி விடுற?”

உம்மா அதைக் கேட்டுவிட்டு, சரி என்று திரும்பவும் அடுப்படிக்குப் போயிருக்கிறா. வாப்பா சொன்னால் உம்மாவுக்கு அது போதும். ஆவிச் சத்தத்தைப் பற்றி வாப்பாவைவிட யாருக்குத் தெரியும்? வாப்பா வாசலில் வெற்றிலை மடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் போனதென்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. மதிலுக்கு மேலாகத் தண்ணீரைக் கண்டதாக மட்டும் சொன்னார்.

குக்கருக்கு முன்னால் அவர் குந்தியிருந்ததை நான் பிழையாக விளங்கிக்கொண்டிருக்கிறேன். அவருக்குப் பயம் கடலில் இருக்கவில்லை. அந்தச் சத்தத்துக்குத் தான் சொன்ன பதிலில் இருந்தது. அதைத்தான் நான் வீட்டுக்குள் கொண்டுவந்து, அடுப்பில் ஏற்றி, திரும்பத் திரும்பக் கேட்கவைத்திருக்கிறேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல், எல்லோரும் சொல்வதைச் சொன்னேன். “ஓடியிருந்தாலும் உம்மா தப்பியிருப்பாவோ தெரியாதே வாப்பா.”

“அது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நான் சொன்னது எனக்குத் தெரியும்.”

வெயில் சாய்ந்து அஸர் பாங்கு கேட்டதும் எழும்பினார். வாய்க்காலில் முகம் கை கால் கழுவி வுழூ எடுத்தார், கட்டின் மேலேயே தொழுதார். நான் பின்னால் நின்று தொழுதேன். பிறகு மற்றச் செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு என்னோடு நடந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கேஸ் முடிந்து அடுப்பு தானாக அணைந்திருந்தது. குக்கர் தண்ணீர் வற்றி அடிப்பிடித்து, பாதுகாப்பு அடைப்பு உருகித் தெறித்திருந்தது. போத்தல்கள் உள்ளே வெடித்துக் கிடந்தன. சீனி கருகிய மணம் வீடு முழுக்க. கூரைத் தகட்டில் ஆவி பட்டுக் கறை பிடித்திருந்தது. வாப்பா கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்தார். விடுங்கள், நான் செய்கிறேன் என்று சொல்லியும் கேட்கவில்லை.

அக்காவைப் பார்க்க மறுநாள் பாண்டிருப்புக்குப் போனேன். வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. தட்டியதும் தாய் திறந்தார். அக்கா பாயில் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். பக்கத்தில் இருந்தேன். சண்டை முடிந்ததற்குச் சந்தியில் பாற்சோறு கொடுக்கிறார்கள் என்று வெளியே யாரோ சொல்லிக்கொண்டு போனார்கள். அக்கா எழும்பி யன்னலைச் சாத்திவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். தம்பியைப் பற்றி அன்று ஒரு செய்தியும் இல்லை. பிறகும் இல்லை. முகாம்களுக்குப் போய்ப் பார்த்தார், விசாரணைகளுக்குப் போட்டோவோடு போய் வந்தார். சில தடவை நானும் கூடப் போனேன். எங்களுக்கு அடக்க உம்மாவின் ஜனாஸாவாவது கிடைத்தது என்று ஒருநாள் பஸ்ஸில் நினைத்தேன். அக்காவிடம் அதைச் சொல்லவில்லை.

வேலையை விடவில்லை. வேறு குக்கர் வாங்கினோம். அக்கா திரும்பி வந்தார், முன்னரைவிடக் குறைவாகக் கதைத்தார், போத்தல்களை முன்னரைவிடக் கூடுதலாகக் கழுவினார். வாப்பா அவிக்கிற நாட்களில் வெளியே போவதை நிறுத்தவில்லை. மனதில் கிடந்ததைச் சொல்லிவிட்டார், இனிக் கொஞ்சம் இலகுவாக இருக்கும் என்று நான் எதிர்பார்த்தேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. என் முகத்தைப் பார்ப்பதைத்தான் குறைத்துக்கொண்டார். உம்மாவைப் பற்றி ஏதாவது சொல்ல வந்தால், கேட்டுக்கொண்டே எழும்பி வளவுக்குள் போய்விடுவார்.

இரத்தத்தில் சீனி வருத்தம் கூடி, வாப்பா ஒரு மாரி காலத்தில் மௌத்தானார். உம்மாவுக்குப் பக்கத்தில் அடக்க வேண்டும் என்று கேட்டேன். கடற்கரை மையவாடியில் இடமில்லை, கடல் வந்த கிழமை அடக்கியவர்கள் அங்கே நெருங்கிக் கிடக்கிறார்கள் என்றார்கள். புது மையவாடி மேற்கே, வயல் பக்கம் இருக்கிறது. ஜனாஸா எடுத்துப் போய்த் திரும்பிய ஆண்களில் ஒருவர் வாசலில் நின்று, அமைதியான இடம், அங்கே கடற்சத்தம் கேட்காது என்று எனக்கு ஆறுதலாகச் சொன்னார். ஓம் என்றேன். அக்கா உள்ளே வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் போய்க் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தேன்.